பின்வளவில் இரட்டை விண்மீன்கள்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



கண் வைத்தியத்தைப் பற்றிப் பேசும்படிதான் சங்கச் செயலாளர் முதலில் கேட்டார். நீரிழிவும் கண்ணும் என்று இந்த மண்டபத்திலேயே இரண்டு தரம் பேசிவிட்டேன். அதைக் கேட்டு எத்தனை பேர் தேநீரில் சீனியைக் குறைத்தீர்கள் என்பது இன்றைய சிற்றுண்டி நேரத்தில் தெரிந்துவிட்டது. ஆகவே இம்முறை பகல் வேலையை விட்டு, இரவில் பின்வளவில் நான் செய்கிற வேலையைப் பற்றிப் பேச அனுமதி வாங்கிக்கொண்டேன்.

இரண்டும் நேர்மாறான வேலைகள். பகலில், "ஒண்டு ரெண்டாத் தெரியுது டொக்டர்" என்று யாராவது வந்தால் உடனே கவனிக்க வேண்டும். வெண்புரையாக இருக்கலாம், நரம்பில் ஏதாவது கோளாறாகவும் இருக்கலாம். இரவில் ஒன்று இரண்டாகத் தெரிந்துவிட்டால் எனக்குப் பெரிய சந்தோஷம். அதற்காகத்தான் மணிக்கணக்காக நுளம்புக்கடி வாங்கிக்கொண்டு நிற்கிறேன்.

வெறுங்கண்ணுக்கு ஒரே வெள்ளியாகத் தெரிவது தொலைநோக்கியில் மிக நெருங்கிய இரண்டாகப் பிரியும். அதுதான் இரட்டை விண்மீன். சில சோடிகள் ஒரே திசையில் முன்னும் பின்னுமாக நிற்பதால் மட்டும் பக்கத்தில் தெரிபவை. அவற்றுக்குள் எந்த உறவும் இல்லை. மற்றவை ஒன்றையொன்று ஈர்த்து, ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருப்பவை. வில்லியம் ஹேர்ஷல் இருபது வருடங்களுக்கு மேல் சோடிகளின் இடைவெளியையும் திசையையும் அளந்து, 1803இல் இதை நிறுவினார். அவர் தொலைநோக்கியில் பார்த்துச் சொல்லச் சொல்ல, இரவிரவாக இருந்து எழுதியவர் தங்கை கரோலின். பெண்பிள்ளைகள் பாடசாலை என்பதால் இதைச் சொல்லாமல் போக மனமில்லை.

சைவ முறைப்படி திருமணம் செய்த அக்காமாருக்கு ஒரு சோடியை ஏற்கனவே தெரியும். பகல் பதினொரு மணி முகூர்த்தத்தில் ஐயர் வானத்தைக் காட்டி "அருந்ததியைப் பாருங்கோ" என்பார். பொம்பிளையும் மாப்பிள்ளையும் தெரிகிறது என்று தலையாட்டுவார்கள். உண்மையில் பார்க்க விரும்பினால் சித்திரைக் கடைசியில், இரவு பதினொரு மணியளவில் வடக்கே பாருங்கள். சப்தரிஷி மண்டலத்தின் வாலில் நுனியிலிருந்து இரண்டாவது வசிட்டர். அவருக்குப் பக்கத்தில் மங்கலாக நிற்பது அருந்ததி. பஞ்சாங்கக் கணக்கில் சொன்னால் இடைவெளி ஏறத்தாழ 12 கலை. ஒரு பாகையில் 60 கலை, ஒரு கலையில் 60 விகலை. நல்ல கண்ணுக்கு ஒரு கலை இடைவெளி பிரிந்து தெரியும். ஆகவே இருட்டான இடத்தில் அருந்ததி தெரியவில்லை என்றால் என்னிடம் ஒருக்கால் வந்து காட்டுங்கள்.

அருந்ததியைக் கற்புக்கு உதாரணமாகக் காட்டுகிறார்கள். ஆனால் தொலைநோக்கியில் பார்த்தால் வசிட்டரே இரண்டு பேர்! இடைவெளி 14 விகலை. 1617இலேயே கலிலியோவின் மாணவர் காஸ்தெல்லி இதைக் கவனித்திருக்கிறார். அந்த இரண்டில் பிரகாசமானது திரும்பவும் இரண்டு என்பதை 1889இல் ஹார்வர்ட் வானாய்வகம் அறிவித்தது. எந்தத் தொலைநோக்கியிலும் பிரியாத அந்த நெருக்கம், நிறமாலையின் கோடுகள் சில நாட்களில் இரட்டிப்பதால் பிடிபட்டது. அங்கே ஒளிப்படத் தகடுகளை ஆராய்ந்தவர்கள் பெண்கள். அவர்களில் ஒருவரான அன்ரோனியா மோறி அதே வருடம் அந்த வகையில் இரண்டாவது விண்மீனையும் கண்டுபிடித்தார். மற்றப் பாதியும் இரண்டுதான். அருந்ததிக்கும் ஒரு துணை உண்டென்று 2009இல் தெரியவந்தது. கூட்டிப் பார்த்தால் ஆறு. மணவறையில் இதைச் சொல்லிக் குழப்ப வேண்டாம்.

என்னிடம் உள்ளது 12 அங்குல ஆடியுள்ள தொலைநோக்கி. அண்ணா கனடாவிலிருந்து கப்பலில் அனுப்பினது. தண்ணீர்த் தாங்கிக்குப் போடுகிற குழாயைப் போல ஒரு பெரிய குழாய், அது இருந்து சுழலுகிற ஒரு மரப்பெட்டி, அவ்வளவுதான். டொப்சன் வகை என்பார்கள். ஜோன் டொப்சன் சன் பிரான்சிஸ்கோவில் வேதாந்த மடத்தில் துறவியாக இருந்தவர். பழைய கப்பல் யன்னல் கண்ணாடியைத் தேய்த்து ஆடி செய்து, தெருவோரத்தில் வைத்துப் போகிறவர்கள் வருகிறவர்களுக்கெல்லாம் வானத்தைக் காட்டினார். 1967இல் மடத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. அவருடைய வடிவம்தான் இன்று உலகம் முழுவதும் பின்வளவுகளில் நிற்கிறது.

ஆடி எவ்வளவு அகலமோ அவ்வளவு நெருக்கத்தைப் பிரிக்கும். மருத்துவம் படித்துப் பின் போதகரான வில்லியம் டோஸ் என்ற ஆங்கிலேயர் இதற்கு ஒரு எளிய கணக்குத் தந்தார்: 116ஐ ஆடியின் விட்டத்தால், மில்லிமீற்றரில், வகுக்க வேண்டும். என்னுடையது 305 மில்லிமீற்றர், விடை 0.38 விகலை. ஒரு விகலை என்பது 25 மில்லிமீற்றர் அகலமான ஒரு நாணயத்தை ஐந்து கிலோமீற்றருக்கு அப்பால் வைத்துப் பார்ப்பது. அதிலும் மூன்றில் ஒரு பங்களவு!

இது கடதாசிக் கணக்கு. உண்மையில் தடுப்பது ஆடியல்ல, காற்று. முந்நூறு மடங்கு பெருப்பித்துப் பார்க்கும்போது அநேகமான இரவுகளில் விண்மீன் கொதிக்கிற பாலைப்போலத் தளம்பும். சோளகம் அடிக்கும் ஆனி, ஆடி, ஆவணியில் உறையைக் கழற்றுவதே வீண். மண்ணும் உப்பும்தான் ஆடியில் படியும். வாடை மழைக் காலத்தில் வானமே இல்லை. பங்குனியிலும் சித்திரையிலும், பிறகு புரட்டாதியில் சில நாட்களும் காற்று விழும். கடலுக்குப் போகிறவர்களைக் கேட்டால் எந்த இரவு என்று சொல்வார்கள். கடல் அடங்கினாலும் மேலே காற்று ஓடுகிற இரவுகளும் உண்டு என்பது நான் படித்த பாடம். வீட்டுக் கூரையும் சீமெந்து முற்றமும் பகற்சூட்டை நடுச்சாமம் வரை கக்கிக்கொண்டிருக்கும். ஆகவே அவற்றின் மேலாகப் பார்க்காமல் புல்வெளியின் அல்லது கடலின் மேலாகப் பார்க்கவேண்டும். தீவில் எங்களுக்கு அதற்குக் குறைவில்லை.

நல்ல இரவில் என்ன நடக்கும்? விண்மீன் ஒரு சின்ன உருண்டைப் பொட்டாக, மெல்லிய வளையத்தோடு நிற்கும். பார்த்துக்கொண்டே இருக்க உருண்டை நீளும். பிறகு எட்டு என்ற இலக்கம்போல இடுப்பு ஒடுங்கும். பிறகு ஒரு நொடி, ஒரு நொடிதான், இரண்டு பொட்டுக்கும் நடுவில் தலைமயிர் அளவு கருங்கோடு. திரும்பவும் தளம்பிவிடும். அந்த நொடியைக் கண்டவர் உண்டென்பார்; காணாதவர் கற்பனை என்பார். அதனால்தான் இரண்டு பேர் தனித்தனியே பார்த்து, ஒருவர் எழுதினதை மற்றவர் பார்க்காமல் எழுதவேண்டும்.

இது ஐரோப்பியரின் மலையுச்சி விவகாரம் என்று நினைக்கவேண்டாம். எங்கள் பகுதிக் கடற்கரையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1688இல் சீயத்தில் நடந்த ஆட்சிப் புரட்சியில் பிரெஞ்சுக்காரர் வெளியேற்றப்பட்டபோது, ழான் ரிஷோ என்ற இயேசு சபைத் துறவி புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். 1689 டிசெம்பரில் ஒரு வால்வெள்ளியைத் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தவர், தெற்கே தாழ நின்ற அல்பா சென்ரோறி இரண்டாக இருப்பதைக் கண்டார். சூரியனுக்கு அடுத்தபடியாக எமக்கு மிக அண்மையிலுள்ள விண்மீன் தொகுதி அது; நாலே கால் ஒளியாண்டுத் தூரத்துக்குச் சற்றுக் கூட. அது ஒன்றல்ல என்று முதலில் எழுதியது புதுச்சேரியிலிருந்து. படத்தை விரித்துப் பாருங்கள், புதுச்சேரி ஊர்காவற்றுறைக்கு நேர் வடக்கே சுமார் 250 கிலோமீற்றர். ஏறத்தாழ ஒரே நெடுங்கோடு. அங்கே ஒரு வெள்ளி உச்சிக்கோட்டைக் கடக்கிற அதே நேரத்தில்தான் இங்கேயும் கடக்கும். அந்த நாளில் எங்கள் தீவு ஒல்லாந்தரிடம் இருந்தது. லைடன் என்று பெயர் வைத்தார்கள். தங்கள் லைடன் நகரப் பல்கலைக்கழகத்தில் 1633இலேயே வானாய்வகமும் வைத்திருந்தார்கள். இங்கே பெயரோடு நின்றுவிட்டது.

சித்திரைக் கடைசியில் அதே பதினொரு மணிக்குப் பின், வடக்கே அருந்ததியைப் பார்த்த கையோடு தெற்கே திரும்பினால், கடலுக்கு மேலே இருபது பாகைக்குள் அல்பா சென்ரோறி நிற்கும். அவ்வளவு தாழ்வில் மும்மடங்கு காற்றினூடாகப் பார்க்கிறோம். மேல் விளிம்பு நீலமாகவும் கீழ் விளிம்பு சிவப்பாகவும் தெரியும். ஆனாலும் பிரியும். இரண்டும் ஒன்றையொன்று ஒருமுறை சுற்ற 80 வருடம். 1976இல் இடைவெளி ஆகக் கூடி 22 விகலை அளவில் இருந்தது. 2016இல் 4 விகலைக்குக் குறுகியது. திரும்பவும் அகலமாகப் பிரிந்து நிற்பது 2056இல். நான் பிறந்தபோது கைக்குள் அடங்கும் தொலைநோக்கியிலும் தெரிந்த சோடி, நான் வைத்தியராகி வந்தபோது பெரிய ஆடியைக் கேட்டது.

இனி நான் வந்த விடயம். தலைக்கு மேலே, கன்னி இராசியில், சித்திரை நட்சத்திரத்துக்கு வடமேற்கே பொறிமா என்றொரு விண்மீன் உண்டு. தொலைநோக்கியில் ஒரே பிரகாசமான இரண்டு. தூரத்தில் வருகிற பஸ்ஸின் முன்விளக்குகள் மாதிரி. சுற்றுக்காலம் 169 வருடம். 1718இல் இங்கிலாந்தில் பிராட்லியும் பவுண்டும் முதலில் அந்தச் சோடியின் திசையைக் குறித்துவைத்தார்கள். 1836இல் நன்னம்பிக்கை முனையிலிருந்த ஜோன் ஹேர்ஷலுக்கு அது ஒற்றையாகவே தெரிந்தது, அவ்வளவு நெருக்கம். அடுத்த நெருக்கம் 2005இல், 0.4 விகலையளவில். இப்போது திரும்பவும் மூன்று விகலைக்கு மேல் விலகிவிட்டது. இதன் முழுச் சுற்றைக் கண்ட மனிதர் இல்லை. ஒருவர் எழுதிவைத்த கொப்பியை அடுத்தவர் எடுத்துத் தொடர்ந்ததால்தான் சுற்று என்பதே தெரிந்தது.

கொப்பி என்றதும் இந்த மலர்க்குழுவின் பாடு ஞாபகம் வருகிறது. 1990இல் தீவை விட்டுப் போனபோது நான் ஐந்தாம் வகுப்பு. நாங்கள் கொண்டுபோனது உடுப்பும் பிறப்புச் சான்றிதழும். பாடசாலையின் வரவுப் பதிவேடு, பரிசளிப்பு அறிக்கை, விளையாட்டுப் போட்டி முடிவுகள் ஒன்றும் மிஞ்சவில்லை. யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, மண்ணெண்ணெயும் அளந்துதான். ஜாம் போத்தல் விளக்கை ஊதி அணைத்த பிறகு வானம் மட்டும் தாராளமாக இருந்தது. இந்த மலருக்காக ரொறொன்ரோவுக்கும் பாரிசுக்கும் மெல்பேணுக்கும் தொலைபேசி எடுத்து, எந்த வருடம் யார் தலைமை மாணவி என்று அக்காமாரின் ஞாபகத்திலிருந்து தோண்டியெடுத்தார்கள். இரண்டு அக்காமாருக்குள் ஒரே வருடத்துக்குப் பிணக்கு. இன்னும் தீரவில்லை என்று கேள்வி.

நான் கேட்பது இதுதான். தொலைநோக்கியைப் பாடசாலைக்குத் தருகிறேன். ஈரமும் உப்புக்காற்றும் புகாத ஒரு சின்ன அறை வேண்டும். ஒரு தடித்த கொப்பி வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை, காற்று விழுந்த ஒரு சித்திரை இரவில், பதினொராந்தர மாணவிகள் இரண்டு பேர் பொறிமாவை அளந்து எழுதவேண்டும். அளப்பது கடினமல்ல. தொலைநோக்கியை அசைக்காமல் விட்டு, கைப்பேசியில் வீடியோ எடுத்தால், பூமி சுற்றுவதால் விண்மீன் படத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போகும். வானநடுக்கோட்டுக்கு அண்மையில் அது ஒரு செக்கனுக்கு 15 விகலை. ஆகவே கடக்க எடுத்த செக்கனை 15ஆல் பெருக்கினால் படத்தின் அகலம் விகலையில் வந்துவிடும். பிறகு அடிமட்டத்தால் இடைவெளியை அளந்து, விகிதசமன் போடவேண்டியதுதான். கணித ரீச்சர் இப்போதே தலையாட்டுகிறா.

வெளிநாட்டிலிருக்கும் உங்களுக்கும் வேலை உண்டு. தெருவிளக்கு வெளிச்சத்தில் பால்வீதி மறையும். இரட்டை விண்மீன் மறையாது. அது கேட்பது இருட்டையல்ல, அசையாத காற்றை. ஸ்காபரோ பல்கனியிலிருந்தே பார்க்கலாம். ஆனால் ரொறொன்ரோவிலும் லண்டனிலும் அருந்ததி வருடம் முழுவதும் மறையாமல் நிற்க, அல்பா சென்ரோறி ஒருநாளும் உதிக்காது. மெல்பேணில் அல்பா சென்ரோறி உச்சிக்கு ஏறும், அருந்ததி உதிக்காது. இரண்டையும் ஒரே இரவில் பார்க்கிற இடம் எங்கள் தீவு. பொறிமா நாங்கள் இருக்கிற எல்லா ஊருக்கும் பொது: ரொறொன்ரோவில் 45 பாகை உயரம், மெல்பேணில் 54, இங்கே 79. இப்போதைய இடைவெளிக்கு நாலு அங்குலத் தொலைநோக்கியே காணும். அளந்து, திகதியையும் ஊரையும் படித்து வெளியேறிய வருடத்தையும் எழுதிச் சங்கத்துக்கு அனுப்புங்கள். பிள்ளைகள் கொப்பியில் சேர்ப்பார்கள். அதற்கு இரண்டு பிரதி வேண்டும், ஒன்று கடலுக்கு அப்பால் இருக்கட்டும்.

அறைக்கு அதிபர் ஆய்வுகூடத்துக்குப் பக்கத்து மூலையைக் காட்டியிருக்கிறார். கதவும் ஓடும் போடவேண்டும். செலவு விபரம் பொருளாளரிடம் இருக்கிறது. இன்று இரவு எட்டு மணிக்கு விளையாட்டு மைதானத்தில் தொலைநோக்கி நிற்கும். ரோச்லைற் கொண்டுவருகிறவர்கள் சிவப்புக் கடதாசி சுற்றிக்கொண்டு வாருங்கள். கண்ணாடி போடுகிறவர்கள் கழற்றத் தேவையில்லை. முதலில் பதினொராந்தரப் பிள்ளைகள், பிறகு வயதுப்படி அக்காமார்.