தெற்கே போன விமானம்



தஞ்சாவூர் விமானத் தளத்தில் 2020ஆம் ஆண்டு ஜனவரி மாதம் சுகோய் போர் விமானப் பிரிவு ஒன்று அமைக்கப்பட்டது. அதன்பின் எங்கள் பேராவூரணிப் பக்கத்தில் வானொலி கேட்டுத் தலை நிமிர்ந்தால், விமானம் எப்போதோ கண்ணை விட்டு மறைந்திருக்கும். நான் இன்று பேச வந்தது அந்த விமானங்களைப் பற்றியன்று. ஒலி முன்னே வர, உருவம் ஆற அமரப் பின்னே வந்த ஒரு பழைய விமானத்தைப் பற்றி.

எங்கள் ஊர் கல்லணைக் கால்வாயின் கடைமடைப் பகுதி. தண்ணீர் வருமா, வாராதா என்று வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களே இங்கு மிகுதி. 1950களில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த சிறுவர்களில் நானும் ஒருவன். 1947 டிசம்பரில் பறக்கத் தொடங்கிய ஏர் சிலோன் நிறுவனம், யாழ்ப்பாணத்தை அடுத்த பலாலிக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் இடையே விமானம் விட்டது. தேசப்படத்தில் அவ்விரண்டையும் ஒரு கோட்டால் இணைத்துப் பாருங்கள். கோடு பேராவூரணிக்குச் சற்று வடக்கே செல்லும். மேகத்துக்கு ஒதுங்கியோ என்னவோ, சில நாட்களில் விமானம் எங்கள் தலைக்கு நேரே வரும்.

அதை இன்னதென்று அறியக் கற்றுக் கொடுத்தவர் எங்கள் பூகோள ஆசிரியர். யுத்த காலத்தில் தஞ்சாவூர்த் தளத்தில் எழுத்தர் வேலை பார்த்தவர் அவர். பிரிட்டிஷ் விமானப் படையின் வெல்லிங்டன் குண்டுவீச்சு விமானங்களை அங்கே அருகிலிருந்து கண்டவர். வெல்லிங்டனுக்கும் இயந்திரம் இரண்டு, டக்கோட்டாவுக்கும் இரண்டு. ஆகவே இயந்திரத்தை எண்ணி ஒன்றும் ஆகப்போவதில்லை என்பார். இறக்கையைப் பார்க்கவேண்டும். டக்கோட்டாவின் இறக்கை உடலின் அடிப்பக்கத்தில் பொருந்தியிருக்கும். அதன் முன்விளிம்பு பின்னோக்கிச் சாய்ந்து செல்லும், பின்விளிம்போ ஏறக்குறைய நேர்கோடு. முனைக்கு முனை 95 அடி. முன் சக்கரங்களை மடக்கிக்கொண்ட பிறகும் அவற்றின் அடிப்பாகம் வெளியே துருத்தி நிற்கும், வாற்சக்கரம் மடங்குவதேயில்லை. ஒவ்வோர் இயந்திரத்திலும் 14 உருளைகள் வட்டமாக அடுக்கப்பட்டிருக்கும். அவற்றின் முழக்கம் கேப்பை திரிக்கும் கல்லின் ஓசையைப் போல, உயராமலும் தாழாமலும் வரும். இந்த உவமை ஆசிரியருடையதன்று, என் அத்தையினுடையது.

அத்தையின் கணவர் கொழும்பு புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதினார். ஆண்டுக்கொரு முறை வருவார். அதுவும் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பலேறி, பிறகு ரயிலில். விமானத்தில் வரும் வசதி அவருக்கு ஏது? ஆயினும் முழக்கம் கேட்டால் அத்தை கைவேலையைப் போட்டுவிட்டு முற்றத்துக்கு வந்துவிடுவாள். கிழக்கிலிருந்து மேற்கே போனால் அங்கிருந்து வருவது, மேற்கிலிருந்து கிழக்கே போனால் அங்கே போவது என்று அவளுக்குச் சொல்லிவைத்தவன் நான்தான்.

1958 மே மாத இறுதியில் இலங்கையில் தமிழர்களுக்கு எதிரான கலவரம் மூண்டது. கொழும்பிலிருந்து கடிதம் நின்றது. அத்தை சோற்றைப் பிசைந்து அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோவாள். ஒரு நாள் நடுப்பகலில் இரட்டை முழக்கம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தேன். தாழ்ந்த இறக்கை, நேரான பின்விளிம்பு, வாற்சக்கரம்: ஐயமின்றி டக்கோட்டா. ஆனால் அது வடக்கிலிருந்து வந்து, கடற்கரையை ஒட்டித் தெற்கே போய்க்கொண்டிருந்தது. யாழ்ப்பாணத்து விமானம் அந்தத் திசையில் போவதில்லை. நம் விமானப் படையிடமும் அந்நாளில் டக்கோட்டாக்கள் பல இருந்தன, அவற்றில் ஒன்றாயிருக்கலாம். விமானத்தின் இனத்தைச் சொல்ல வடிவம் போதும். அது யாருடையது என்று சொல்ல, இறக்கையில் தீட்டிய சின்னம் தெரியவேண்டும். எனக்கு அது தெரியவில்லை.

"அத்தை, யாழ்ப்பாணத்து விமானம்தான். மாமா அதில் வந்தாலும் வருவார்" என்று சொல்லிவிட்டேன். திசை தவறென்பது சொல்லும்போதே எனக்குத் தெரியும்.

அன்று மாலை அத்தை உலை வைத்துச் சாப்பிட்டாள். மறுநாளும் அதற்கு மறுநாளும் காரைக்குடி ரயில் வரும் நேரத்துக்கு நிலையத்துக்குப் போய் நின்றாள். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வேறு வழியாக வீடு திரும்பினேன்.

ஜூன் நடுவில் கடிதம் வந்தது. மாமாவை மற்றவர்களோடு கப்பலில் ஏற்றிக் காங்கேசன்துறையில் இறக்கியிருந்தார்கள். உயிருக்குச் சேதமில்லை, பெட்டியும் கணக்குப் புத்தகங்களும் போயின. ஆடி மாதத்தில் வீடு வந்து சேர்ந்தார். அவர் வந்த இரவு, நான் சொன்ன பொய்யை அத்தையிடம் ஒப்புக்கொண்டேன். அவள் இலை நறுக்கிக்கொண்டிருந்தாள். "தெற்கே போன விமானத்தில் யார் வருவார்கள் தம்பி? எனக்கும் கண் இருக்கிறது" என்றாள்.

டக்கோட்டா முதன்முதல் பறந்தது 1935 டிசம்பர் 17ஆம் நாள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவை கட்டப்பட்டன. நம் விமானப் படைக்கென்று புதுப்பிக்கப்பட்ட ஒன்று 2018 ஏப்ரலில் இங்கிலாந்திலிருந்து பறந்து வந்தது. பரசுராமா என்பது அதன் பெயர். 1947 அக்டோபர் 27ஆம் நாள் ஸ்ரீநகரில் துருப்புகளை இறக்கிய டக்கோட்டாவின் நினைவாக, வி.பி. 905 என்ற எண்ணை அதற்கு இட்டிருக்கிறார்கள். அதே ஆண்டு நவம்பரில் கஜா புயல் எங்கள் தோப்புத் தென்னைகளைச் சாய்த்துவிட்டது. பிறகு முற்றத்தில் நின்றால் வானம் முழுவதும் தெரிந்தது. பார்ப்பதற்கு டக்கோட்டா இல்லை. பரசுராமாவின் முழக்கத்தை ஒலிப்பதிவில்தான் கேட்டேன். கேப்பைக் கல்லேதான்.

1964இல் ஏர் சிலோன் ஆவ்ரோ 748 என்னும் புதிய விமானத்தை வாங்கிற்று. அதற்கும் இயந்திரம் இரண்டு, இறக்கையும் தாழ்ந்ததே. ஆனால் சுழலி இயந்திரமாதலால் ஓசை மெலிந்து கீச்சிடும். அது எங்கள் வானில் முதன்முறை சென்றபோது நான் திண்ணையில் பாடம் படித்துக்கொண்டிருந்தேன், தலை நிமிரவில்லை. உள்ளேயிருந்து அத்தை குரல் கொடுத்தாள்: "தம்பி, இது வேறு வண்டி. வந்து பார்."