லாட்டும் பாலும்



இன்ஜினியருக்குச் சொல்லாராய்ச்சி எதற்கு என்று கேட்பீர்கள். நம்ம ஆயக்குடியில் கொய்யா வாங்க வருகிறவர், "இந்த லாட்டு என்ன விலைங்க?" என்றால் நமக்குப் புரிகிறது. அதே லாட்டுக்கு ஆங்கிலத்தில் விதி என்றும் பொருள் உண்டு.

சீட்டுப்போலக் குலுக்கி எடுக்கும் துண்டுக்குப் பழைய ஆங்கிலத்தில் அந்தப் பெயர். எடுத்ததில் வந்தது அவரவர் பங்கு. பங்கே பிறகு விதியாயிற்று. நம் 'பால்' என்ற சொல்லும் அப்படித்தான். பங்கு, பிரிவு என்று பொருள். ஊழ் அதிகாரத்தில் வள்ளுவர் அதை விதி என்ற பொருளில் வைக்கிறார். கிஸ்மத் என்ற அரபுச் சொல்லின் வேரும் பங்குதான். ஆச்சரியமாக இல்லையா?

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. 'இட் ஃபெல் டு மை லாட்' என்றால், அது என் பொறுப்பாக வந்து சேர்ந்தது. 'காஸ்ட் இன் யுவர் லாட் வித் தெம்' என்றால், அவர்களோடு நல்லது கெட்டதில் நாமே விரும்பிச் சேர்வது. விதி என்றாலும் அதில் நம் கையும் இருக்கிறது!

குலுக்கல் என்றால் உத்திரமேரூர் நினைவுக்கு வரும். முதலாம் பராந்தகன் காலத்து 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டு. பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். எல்லோரும் அதை ஜனநாயகம் என்று புகழ்கிறோம். சரிதான். ஆனால் யார் ஓலை குடத்துக்குள் போனது? அது பிராமணர் சபை. வயது 35 முதல் 70 வரை, வரி கட்டும் கால் வேலி நிலம், சொந்த மனையில் வீடு. வேதம் கற்றவருக்கு அரைக்கால் வேலி போதும். நிலமில்லாதவன் குலுக்கலில் தோற்கவே இல்லை. அவன் ஓலையே உள்ளே போகவில்லை. அவன் அதைத் தலையெழுத்து என்று சொல்லியிருக்கலாம். எழுதியது பிரம்மன் இல்லை, சபை. தமிழில் ரூலுக்கும் விதி, ஊழுக்கும் விதி; இரண்டும் குழம்புவதற்குக் கேட்கவா வேண்டும்?

நேற்று மூன்றாம் ஆண்டுத் தம்பி ஒருவர், "பெரிய கம்பெனியெல்லாம் நமக்கு எழுதி வைக்கலண்ணே" என்றார்.

"அவங்க ரூல் என்ன, பாத்தியா?"

"அறுபது பர்சன்ட், அரியர் கூடாது."

"உனக்கு?"

"அறுபத்தெட்டுண்ணே. அரியர் இல்ல."

"அப்ளிகேஷன்?"

"போடல."

எங்கள் செட்டில் நாலு பேர், எந்தக் கம்பெனி என்ன கேட்கிறது என்று எழுதிக் கொண்டு வந்திருக்கிறோம். சாப்பாட்டுக்கு அப்புறம் அந்த வேப்பமரத்தடியில்தான் இருப்போம். தம்பி வரட்டும், கூட்டாளிகளையும் கூட்டி வரட்டும்.