டீசல் இயந்திரத்தினுள்ளே
(எமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



1880இல் மாத்தளைக்குப் புகையிரதம் வந்தது. அன்று நீராவி. 1954இல் கனடா இலங்கைக்கு வழங்கிய ‘அல்பேர்ட்டா’ முதலியவை டீசல் இயந்திரங்கள். நம் மலைப்பாதையில் ஏறும் பஸ்ஸுக்கும் லொறிக்கும் டீசலே உணவு. அவ்வியந்திரத்தினுள் நடப்பதை நாம் அறிய வேண்டாமா?

அங்கே தீப்பொறி கிடையாது. முசலம் காற்றைப் பதினைந்து முதல் இருபது மடங்கு வரை நெருக்க, அது 500 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறுகிறது; அதில் விசிறப்படும் எண்ணெய் தானே பற்றுகிறது. பற்றும் கணம் மிக முந்தினால் நைதரசன் ஒட்சைட்டுகள் பெருகும். பிந்தினால் எண்ணெய் வீணாகும், கரி மிகும்.

அக்கணத்தை அறிவது எங்ஙனம்? சுவாலையில் அயன்கள் தோன்றுகின்றன. உருளையினுள் மின்வாய் ஒன்றை வைத்து மின்னழுத்தம் கொடுத்தால், அவற்றின் வழியே நுண்ணிய மின்னோட்டம் பாயும். குளிர் இயந்திரத்தைச் சூடாக்கும் ‘குளோ பிளக்’கையே மின்வாயாக மாற்றி அமைப்பதுண்டு. சுவாலை தானே தந்தியடிப்பது போலாம்! ஆயின் மின்வாய் தன் அயலை மட்டுமே அறியும். ஆதலால் அமுக்கம், வெப்பநிலை, இரசாயனத் தாக்கவேகம் ஆகியவற்றைச் சமன்பாடுகளாக்கிக் கணினியில் மாதிரியுரு அமைத்து, அளந்த மின்னோட்டத்தோடு ஒப்பிடுகின்றனர்.

டீசல் புகை புற்றுநோய் விளைப்பதென்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012இல் தீர்மானித்தது. பாதையோரம் பள்ளிக்கு நடக்கும் நம் தம்பி தங்கையர் சுவாசிப்பது அப்புகையையே. பெரிய ஆலைகள் நம்மிடம் இல்லாதிருக்கலாம். கணிதம் பயில அவை வேண்டுவதில்லை. வாலிபர்களே, பயில்வோம்!