கரும்புக் கடலில் சில தீவுகள்



புனே நகரின் கீழ்த்திசையில் உள்ள கராடியில் இன்று நம் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. கணிப்பொறி அலுவலகங்களின் கண்ணாடி மாளிகைகள் நிறைந்த இவ்விடம், சில பத்தாண்டுகளுக்கு முன்பு வரையில் வயல் சூழ்ந்த சிற்றூராய் இருந்தது. என் வீட்டு மேல்தளத்தில் நின்றால் தெற்கே முளா–முட்டா நதி தெரியும். நதிக்கு அக்கரையில் உள்ள கேசவநகருக்குள் 2019 பிப்ரவரியில் ஒரு சிறுத்தை நுழைந்து சிலரைக் காயப்படுத்தியது. இரு சுவர்களின் இடுக்கில் ஒதுங்கிய அதனை மயக்க ஊசி செலுத்திப் பிடித்தனர். வடமேற்கே உள்ள விமான நிலையத்தில் 2025 ஏப்ரலில் மற்றொரு சிறுத்தை காணப்பட்டது. ஓடுதளத்தின் ஓரப் புதர்களிலும் நிலத்தடி வடிகால்களிலும் மறைந்து திரிந்த அது, அவ்வாண்டு டிசம்பரில்தான் அகப்பட்டது.

அப்போதெல்லாம் எங்கள் குடியிருப்பில் எழுந்த கேள்வி ஒன்றே: “காட்டு விலங்கு ஊருக்குள் எப்படி வந்தது?” அக்கேள்விக்கு விடை தேடி வடக்கே ஜுன்னர் வட்டாரத்திற்குச் சென்றிருந்தேன். அங்குள்ளவர்களிடம் அதனைக் கேட்டபோது சிரித்துவிட்டனர். அவர்களைப் பொறுத்தவரையில் சிறுத்தை எங்கிருந்தும் வரவில்லை. அங்கேயே பிறந்து அங்கேயே வளர்வது அது.

தீவு என்றால் நமக்கு இராமேசுவரமும் நெடுந்தீவும் நினைவுக்கு வரும். நீர் சூழாத தீவுகளும் உண்டு என்பதை ஜுன்னரில் கண்டேன். அங்கே உழவர் குடும்பங்கள் பல ஊருக்குள் வசிப்பதில்லை. தத்தம் நிலத்தின் நடுவே இரண்டு மூன்று வீடுகளாகக் கூடி வாழ்கின்றன. அதனை ‘வஸ்தி’ என்பர். கரும்பு இளமையாய் உள்ள மாதங்களில் ஒரு வஸ்தியிலிருந்து அடுத்த வஸ்தியின் அடுப்புப் புகையைக் காணலாம். பயிர் ஆள் உயரத்திற்கு இருமடங்கு ஓங்கிவிட்டாலோ, நாற்புறமும் பச்சைச் சுவர் எழுந்து ஒவ்வொரு வஸ்தியும் ஒரு தீவாகிவிடுகிறது. வெளியே செல்ல ஒரு வண்டித்தடம் மட்டுமே எஞ்சும்.

இக்கரும்பு பண்டைக்காலம் முதல் அங்கு விளைந்ததன்று. சிவாஜி மன்னர் பிறந்த சிவநேரிக் கோட்டையின் அடிவாரத்தில் உள்ள இவ்வட்டாரம் மழைமறைவுப் பகுதியை ஒட்டியது. குகடித் திட்டத்தின் ஐந்து அணைகள் எழுந்து கால்வாய்களில் நீர் பாய்ந்த பின்னரே கம்பும் சோளமும் விளைந்த நிலங்கள் கரும்புக்கு மாறின. ‘ஆட்சாலி’ என்னும் நீண்டகாலப் பயிர் பதினெட்டு மாதம் வரை வெட்டப்படாமல் நிற்கும். சிறுத்தையோ ஏறக்குறைய மூன்று மாதம் சூல் தாங்கி, இரண்டு மூன்று குட்டிகளை ஈனுவது. நிழல், நீர், மறைவு மூன்றும் ஓரிடத்தில் கிடைத்தால் அதற்கு வேறென்ன வேண்டும்? உணவும் அருகிலேயே உண்டு. பக்கத்து மாவட்டத்து அகோலே பள்ளத்தாக்கில் வித்யா ஆத்ரேயா என்னும் ஆராய்ச்சியாளரும் அவர்தம் குழுவினரும் சிறுத்தைகளின் உணவை ஆராய்ந்தனர். அதில் ஏறக்குறைய நாற்பது விழுக்காடு நாய் என்று கண்டனர். காடே இல்லாத அப்பள்ளத்தாக்கில் நூறு சதுர கிலோமீட்டருக்கு ஐந்து சிறுத்தைகள் வீதம் வாழ்வதைத் தானியங்கிக் காமிராக்கள் காட்டின. அங்கு ஒரு சதுர கிலோமீட்டருக்கு மக்கள் முந்நூறு பேருக்கு மேல்.

நான் தங்கிய வஸ்தியின் தலைவி அறுபது கடந்தவர். ‘மாவ்ஷி’ என்றே அவரை அழைத்தேன். நம் ‘சித்தி’ என்பதற்கு நிகரான சொல் அது. மாலை விளக்கு வைத்தபின் அவ்வீட்டில் நிலவும் ஒழுங்கினை வேறெங்கும் நான் கண்டதில்லை. ஆடுகளைக் கூரையும் கதவும் உள்ள கொட்டிலில் அடைத்துத் தாழிடுகின்றனர். குழந்தைகள் முற்றத்தின் நடுவே விளையாடலாம்; வரப்போரம் செல்லக்கூடாது. பெரியவர்களும் இருட்டில் கரும்போரம் குந்தி உட்காருவதில்லை, குனிந்து வேலை செய்வதில்லை. நிமிர்ந்து நிற்கும் மனிதனைக் கண்டு விலகும் சிறுத்தை, குனிந்த உருவத்தைச் சிறிய பிராணி என்று மயங்குவதுண்டு. பம்புசெட்டுக்கு இரவில் மின்சாரம் வரும் வாரங்களில் நீர் பாய்ச்சப் போகும் மகன், கைப்பேசியில் பஜனைப் பாட்டை உரக்க வைத்துக்கொண்டே நடக்கிறான். “பக்தியா?” என்று கேட்டேன். “பாதி பக்தி, பாதி பயம்” என்றார் மாவ்ஷி. வயலோரத்தில் செந்தூரம் பூசிய ஒரு கல் இருந்தது. அது வாகோபா, புலித் தெய்வம். நம் ஊர் எல்லையில் ஐயனார் நிற்பதுபோல அங்கே அது நிற்கிறது.

“பிடித்துக்கொண்டுபோய் எங்கேனும் தொலைகாட்டில் விட்டுவிடலாமே!” என்று நம்மில் பலர் கூறுவோம். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். அது செய்து பார்க்கப்பட்ட காரியம். 2001-ஆம் ஆண்டை ஒட்டி வன இலாகாவினர் ஜுன்னரில் சிறுத்தைகளைக் கூண்டு வைத்துப் பிடித்து வேறு காடுகளில் விட்டனர். அதற்கு முன் மனிதர் மீது ஆண்டுக்குச் சராசரி 4 தாக்குதல்களே நிகழ்ந்துவந்தன. பின்னர் அது 17 ஆயிற்று. விடப்பட்ட இடங்களின் அருகிலும் தாக்குதல்கள் பெருகின. தனக்குரிய எல்லையை இழந்த விலங்கு, மனிதர் கையில் அகப்பட்டு மிரண்ட நிலையில் அறியாத நிலத்தில் அலைகிறது. அதன் பழைய இடமோ காலியாய் இருப்பதில்லை. வேறொன்று வந்து குடியேறுகிறது.

2009-இல் ஒரு கிணற்றில் விழுந்த முதிய ஆண் சிறுத்தையை மீட்டு, கழுத்தில் கருவி பொருத்தி மாள்சேஜ் கணவாயருகே விட்டனர். தாத்தா என்னும் பொருளில் ‘ஆஜோபா’ என்று அதற்குப் பெயர். ஒரு மாதத்திற்குள் அது 120 கிலோமீட்டருக்கும் மேல் நடந்து மும்பை நகரின் விளிம்பை அடைந்தது. சாலை, இருப்புப்பாதை, ஆறு எல்லாம் கடந்த அந்நடையில் ஒருவரையும் அது தீண்டவில்லை. 2011-இல் நெடுஞ்சாலையில் வண்டி மோதி மாண்டது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, சிறுத்தை சாதுவான அயலார் என்று நேயர்கள் கருதிவிடலாகாது. புனே மாவட்டத்தின் ஷிரூர் வட்டத்துப் பிம்பர்கேட் சிற்றூரிலும் அதன் அயலிலும் 2025 அக்டோபர், நவம்பர் மாதங்களில் மூன்று வாரங்களுக்குள் ஒரு சிறுமி, ஒரு மூதாட்டி, ஒரு சிறுவன் என மூவர் சிறுத்தைக்கு இரையாயினர். மக்கள் சினந்து புனே–நாசிக் நெடுஞ்சாலையை மறித்தனர். ஆட்கொல்லி எனக் கருதப்பட்ட விலங்கு சுடப்பட்டது. அதன் பின்னரும் அவ்வூரார் கழுத்தில் இரும்பு முட்கள் பதித்த பட்டை அணிந்து வயலுக்குச் சென்றனர். மலைநாட்டு இடையர் தம் காவல் நாய்க்குப் பூட்டும் பட்டையை மனிதர் பூண நேர்ந்ததை எண்ணிப் பார்க்க வேண்டும். கூண்டும் துப்பாக்கியும் கேட்ட அவ்வூராரைக் கல்நெஞ்சர் என்று ஏழாவது மாடியில் இருந்துகொண்டு கூற எனக்கு நாவெழவில்லை. நாம் தேநீரில் இடும் சர்க்கரையின் விலையில் அவர்களுடைய இரவுகள் சேர்க்கப்படுவதில்லை.

நகரத்தாராகிய நம்முடைய நடத்தையும் சொல்லும்படி இல்லை. 2020 டிசம்பர் 9-ஆம் நாள் காலையில் புனேயின் கோத்ரூட் பகுதிக்குள் ஒரு காட்டெருது வழிதவறி வந்தது. அது எவரையும் கொல்ல வரவில்லை. படம் பிடிக்கவும் வேடிக்கை பார்க்கவும் கூடிய கூட்டம் அதனைத் தெருத்தெருவாய் ஓடவைத்தது. பிற்பகலில் பிடிபட்ட அவ்வெருது, களைப்பும் அச்சமும் தாளாமல் உயிர்விட்டது.

நம் தமிழகத்தில் இத்தகைய தீவு ஒன்று உண்டு. ஆனைமலைக் காடுகளின் நடுவே தேயிலைத் தோட்டங்களாய் விரிந்த வால்பாறை மேட்டுநிலம் அது. அங்கே யானைகளால் நேர்ந்த சாவுகளை ஆராய்ந்தபோது, யானை அருகில் நிற்பது தெரியாமல் எதிர்ப்பட்டவர்களே பெரும்பாலும் மாண்டனர் என்று புலப்பட்டது. எனவே ஆனந்தகுமார் முதலிய ஆராய்ச்சியாளர், வன இலாகாவினரோடும் தோட்டத்தாரோடும் கூடி ஓர் எளிய ஏற்பாடு செய்தனர். யானைக் கூட்டம் நிற்கும் இடம் உள்ளூர்த் தொலைக்காட்சியிலும் கைப்பேசிச் செய்தியிலும் மாலைதோறும் அறிவிக்கப்பட்டது. ஒரு கிலோமீட்டருக்குள் யானை இருந்தால் உயரத்தில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். வேலைவிட்டு வரும் தொழிலாளி அதனைக் கண்டு வேறு வழியே வீடு சேர்வார். யானையின் வழியை மாற்ற முயலாமல் மனிதருக்குச் செய்தி சொன்னார்கள், அவ்வளவே. ஆயினும் சிறுத்தை யானையன்று. பத்தடிக் கரும்பினுள் அது இருக்கும் இடத்தை எந்த விளக்கு காட்டும்? இக்கேள்வியை மாவ்ஷியின் மகனே என்னிடம் கேட்டான். விடை என்னிடம் இல்லை.

ஒரு செய்தி சொல்லி முடிக்கிறேன். கரும்பு வெட்டும் பருவத்தில் பீட் முதலிய வறண்ட மாவட்டங்களிலிருந்து ஏழைக் குடும்பங்கள் மாட்டு வண்டிகளிலும் டிராக்டர்களிலும் வந்து, வயலோரத்திலேயே குடிசை கட்டித் தங்குவர். நம்மைப்போல் பிழைப்பு நாடி ஊர்விட்டு வந்தவர்களே அவர்களும். அரிவாள் முன்னேற முன்னேற, சில வேளை வரிசையின் நடுவே கண் திறவாத சிறுத்தைக் குட்டிகள் அகப்படும். முன்னாளில் அவற்றை அநாதைகள் என்று தூக்கிச் சென்றுவிடுவர். தாய் வெறிகொண்டு தேடியலையும். இப்போது வன இலாகாவினரும், மாணிக்டோஹ் சிறுத்தைக் காப்பகத்தின் மருத்துவரும் வந்து குட்டிகளைச் சோதித்து, ஒரு பெட்டியில் இட்டு, அந்திப்பொழுதில் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுகின்றனர்.

மாவ்ஷியின் வயலில் அவ்வாறு ஒருமுறை நிகழ்ந்தது. அன்றிரவு வெட்டுக்காரர் பன்னிரண்டு பேரும் கைக்குழந்தைகளோடு குடிசைகளை விட்டுவிட்டு, ஊர்ப் பள்ளிக்கூடத்துத் திண்ணையில் சாக்கு விரித்துப் படுத்தனராம். அரை நாள் கூலி போயிற்று. விடிந்து பார்க்கையில் பெட்டி கவிழ்ந்து கிடந்தது; ஈர மண்ணில் தாயின் அடிச்சுவடு பதிந்திருந்தது. ஒருத்தி தன் குழந்தையை மரக்கிளைத் தூளியில் இட்டு, நிறுத்திய வரிசையிலிருந்து மறுபடி வெட்டத் தொடங்கினாள்.