பருத்திப்பாலுக்கு எதற்கு மருந்துப் பட்டம்?



பொழுது சாயும் நேரத்தில் மதுரை மாசி வீதிகளில் நடந்து பாருங்கள். வெள்ளைத் துணி சுற்றிய பெரிய பாத்திரத்தோடு ஒரு தள்ளுவண்டியாவது கண்ணில் படும். மூடியைத் திறந்ததும் சுக்கும் ஏலமும் கலந்த ஆவி முகத்தில் அடிக்கும். இந்த ஊரில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பருத்திப்பால் தெரியாமல் இருக்காது. ஆனால் வண்டியின் முன்னால் தொங்கும் தட்டியைப் படித்திருக்கிறீர்களா? சளி போக்கும், மூட்டுவலி நீக்கும், வயிற்றுப்புண் ஆற்றும், தாய்ப்பால் சுரக்க வைக்கும். அண்மைக் காலமாக ‘சூப்பர் ஃபுட்’ என்ற வரியும் சில தட்டிகளில் ஏறியிருக்கிறது. ருசியைப் பற்றி மட்டும் ஒரு சொல் கிடையாது. எனக்கு அதுதான் குறை. ஏனென்றால் பருத்திப்பாலில் மெச்சத்தக்க விஷயமே அதைக் காய்ச்சும் கைப்பக்குவம்.

அந்தப் பக்குவம் முதல் நாள் இரவே தொடங்கிவிடுகிறது. பஞ்சு பிரித்த பிறகும் பருத்திக்கொட்டையில் சாம்பல் நிறத்தில் இழை ஒட்டிக்கொண்டிருக்கும். அதை நாலைந்து தண்ணீர் மாற்றி அலசி, இரவெல்லாம் ஊறப்போட வேண்டும். மறுநாள் அரைத்துத் துணியில் பிழிந்தால் முதல் பால். சக்கையை மீண்டும் ஆட்டினால் இரண்டாம் பால், பிறகு மூன்றாம் பால். நிறம் பழுப்பேறிய வெள்ளை. அந்த நேரத்தில் மோந்து பார்த்தால் குடிக்கத் தோன்றாது. மாட்டுத் தொழுவ வாடைதான் வரும்.

அடுப்பில் ஏற்றிய பிறகுதான் காய்ச்சுகிறவரின் திறமை தெரியும். தீ கூடினால் அடி பிடிக்கும். பிடித்தால் அவ்வளவு பாலும் பாழ். குறைந்தால் பச்சை வாடை போகாது. கரண்டி நிற்காமல் பாத்திரத்தின் அடியைத் தொட்டுக்கொண்டே சுற்ற வேண்டும். பால் கொதித்து வாடை மாறிய பிறகுதான், ஊறவைத்து அரைத்த பச்சரிசி மாவைக் கரைத்து ஊற்றுவார்கள். முந்தினால் மாவு கெட்டிப்பட்டு, பால் வேகாமலே வெந்தது மாதிரி காட்டும். அப்புறம் கல் மண் போக வடிகட்டிய வெல்லப் பாகு அல்லது கருப்பட்டிப் பாகு. கடைசியில் தட்டிய சுக்கு, ஏலக்காய். தம்ளரில் ஊற்றிய பின் மேலே தேங்காய்ப்பூ.

நல்ல பருத்திப்பாலை அறிய நான் மூன்று விஷயம் பார்ப்பேன். கரண்டியிலிருந்து ஊற்றும்போது கஞ்சி போல் விழக் கூடாது, பாயசம் போல் வழிய வேண்டும். முதல் வாயில் சுக்கின் காரத்துக்கு முன்னால் கொட்டையின் மெல்லிய எண்ணெய்ச் சுவை தெரிய வேண்டும். குடித்து முடித்த பின் நாக்கில் மாவு படியக் கூடாது. இப்போது பல வண்டிகளில் கொட்டை குறைந்து, மாவும் சுக்கும் கூடிவிட்டன. மருந்து என்று நம்பிக் குடிக்கிறவர் காரம் ஏறினால் ‘ஆகா, வேலை செய்கிறது’ என்று நினைத்துக்கொள்வார். ருசிக்காகக் குடிக்கிறவர்தான் கேள்வி கேட்பார். மருந்துப் பட்டம் இந்தப் பண்டத்துக்குச் செய்திருக்கும் முதல் கெடுதல் இது.

மருந்து என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? மதுரைக்குத் தெற்கே திருமங்கலம், கள்ளிக்குடி, விருதுநகர் என்று கரிசல் மண். அங்கே விளைந்த பஞ்சுக்கு 1892-இல் தொடங்கிய மதுரை ஹார்வி மில் போன்ற ஆலைகள் இருந்தன. கொட்டைக்கு மாடுகள் இருந்தன. பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் தின்ற மாடு கெட்டியாகப் பால் கறக்கும் என்பது சம்சாரி அறிந்த உண்மை. மாட்டுக்குப் பால் ஊறினால் பிள்ளை பெற்றவளுக்கும் ஊறும் என்று வீட்டுப் பெரியவர்கள் கணக்குப் போட்டிருக்க வேண்டும். அந்தக் கணக்கில் ஒரு பிசகு. மாட்டுக்கு அசைபோடும் வயிறு. நமக்கு அது இல்லை.

பருத்திச் செடி பூச்சியிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ள ‘காசிபால்’ என்ற மஞ்சள் பொருளை உண்டாக்குகிறது. விதையிலும் அது உண்டு. வளர்ந்த மாட்டின் வயிறு அதைப் பெருமளவு கட்டுப்படுத்திவிடும். கோழிக்கோ பன்றிக்கோ அந்த வசதி இல்லை. பருத்திப் புண்ணாக்கை அதிகம் தின்ற கோழியின் முட்டைக்கரு பச்சை பாய்ந்துபோவது கோழி வளர்ப்போர் அறிந்த கதை. மனிதர் கதை இன்னும் பெரிது. சீனாவில் சுத்திகரிக்காத பருத்தி விதை எண்ணெயில் சமைத்த கிராமங்களில் குழந்தைப் பிறப்பு நின்றுபோனதை 1950-களில் கவனித்தார்கள். ஆராய்ந்ததில் காசிபால் ஆண்களின் விந்தணுவைக் குறைப்பது தெரியவந்தது. 1970-களில் இதையே ஆண்களுக்கான கருத்தடை மாத்திரையாக ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சிலருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கியது. சிலருக்கு மாத்திரையை நிறுத்திய பிறகும் விந்தணு திரும்பவில்லை. கடைசியில் அந்த முயற்சியையே கைவிட்டார்கள்.

பயந்து தம்ளரைக் கீழே வைத்துவிடாதீர்கள். நன்றாகக் கொதிக்க வைக்கும்போது காசிபாலில் ஒரு பங்கு புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வீரியம் இழந்துவிடும். சீனக் கிராமங்களில் நடந்தது அன்றாடச் சமையல். நாம் குடிப்பது எப்போதோ ஒரு தம்ளர். பச்சை வாடை போகும்வரை காய்ச்சு என்று கிழவிகள் அடம்பிடித்தது ருசிக்காகத்தான் என்றாலும், அந்த அடம் நம்மைக் காத்தும் இருக்கிறது. அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் கீர்த்தி ரத்தோர் குழுவினர், விதையில் மட்டும் காசிபால் மிகக் குறைந்த பருத்தியை உருவாக்கி, 2019-இல் அதை உணவாகப் பயன்படுத்த அந்நாட்டு அனுமதியும் பெற்றார்கள். அவ்வளவு பாடுபட்டுத்தான் அங்கே கொட்டையை மனிதர் தின்னும் பொருளாக்கினார்கள்.

அடுத்து கருப்பட்டி. ‘சீனி இல்லை, கருப்பட்டி மட்டும், சுகர் உள்ளவர்களும் குடிக்கலாம்’ என்று எழுதியிருந்தால் நம்பாதீர்கள். கருப்பட்டியில் பெரும்பங்கு சீனியில் உள்ள அதே சுக்ரோஸ்தான். மணம் வேறு, ருசி வேறு, கொஞ்சம் தாதுக்களும் உண்டு. ரத்தத்தில் ஏறும் சர்க்கரைக்கு அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. நாளைக்கு 25 கிராமுக்குள் சர்க்கரை இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வெல்லமும் தேனும் அந்தக் கணக்கில் அடக்கம். இரண்டு மேசைக்கரண்டி வெல்லத் தூளிலேயே அந்த 25 கிராம் வந்துவிடும்.

பட்டம் சூட்டி விற்பது பருத்திப்பாலோடு நிற்கிற வியாதி இல்லை. வாழைப்பழத்துக்கே ‘சூப்பர் ஃபுட்’ பட்டம் சூட்டி விற்ற காலம் உண்டு. நூறு ஆண்டுகளுக்கு முன்னால் அமெரிக்காவின் யுனைடெட் ஃப்ரூட் கம்பெனி செய்த வேலை அது. நம் கொல்லை முருங்கைக்கீரை பொடியாகி, மொரிங்கா என்ற பெயரில் சின்னப் புட்டியில் பெரிய விலைக்கு வருகிறது. 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டி கடலை மிட்டாயைப் பாருங்கள்: கடலை, வெல்லம், அவ்வளவுதான். கடலையில் நாலில் ஒரு பங்கு புரதம். அதையே பளபளப்பான உறையில் சுற்றி ‘புரோட்டீன் பார்’ என்றால் விலை பல மடங்கு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007 முதல், அங்கீகரிக்கப்பட்ட ஆதாரம் சொல்லாமல் எந்தப் பண்டத்தையும் சூப்பர் ஃபுட் என்று விளம்பரம் செய்ய முடியாது. நம் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதிகளும், சிறப்பு அனுமதி இல்லாமல் ஓர் உணவு நோயைக் குணமாக்கும் என்று சொல்வதைத் தடை செய்கின்றன. தள்ளுவண்டித் தட்டி வரைக்கும் அந்த விதி வந்து சேரவில்லை.

பழைய தின்பண்டம் என்பதாலேயே எல்லாம் நல்லது என்றும் சொல்ல மாட்டேன். பஞ்சு மிட்டாயில் துணிச் சாயமான ரோடமின்-பி கலந்திருந்ததைச் சோதனையில் கண்டுபிடித்து, 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு அதைத் தடை செய்தது. மூங்கில் கழியின் உச்சியில் பொம்மை கை தட்ட, பிள்ளையின் மணிக்கட்டில் கடிகாரமாகச் சுற்றித் தந்த ஜவ்வு மிட்டாயின் ரோஸ் நிறத்தையும் நாம் யாரும் விசாரித்ததில்லை. ஆனால் அந்த மிட்டாய்க்காரர் ஒருநாளும் அதை மருந்து என்று சொல்லி விற்றதில்லை. அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

ஆகவே என் தீர்ப்பு: பருத்திப்பால் மதுரையின் அருமையான இனிப்புகளில் ஒன்று. மருந்து என்று அதைக் கொண்டாட வேண்டாம். மழைக்கால மாலையில் ஒரு தம்ளர் வாங்கி, மாவு கூடினால் ‘என்னண்ணே, இன்னைக்குக் கொட்டை கம்மியா?’ என்று கேளுங்கள். அப்படிக் கேட்பவர்கள் இருந்தால்தான் நல்ல கைப்பக்குவம் பிழைக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் கருப்பட்டியை நம்பிக் குடிக்க வேண்டாம். பிள்ளை பெற்றவர்களுக்குப் பால் பற்றவில்லை என்றால், வண்டிக்காரரிடம் போகாமல் மருத்துவரிடம் போங்கள். ஊறவைத்த கொட்டையை அரைத்துக் காய்ச்சாமல் பச்சையாகக் குடிக்கச் சொல்லும் வைத்தியத்தை யார் சொன்னாலும், எந்தக் காணொளியில் வந்தாலும், வீட்டில் செய்து பார்க்காதீர்கள்.