நடுக்குவாதமும் காந்தத் துடிப்பும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இயலும் இசையும் முழங்க வேண்டிய மேடையில் நோயைப் பற்றிப் பேசுதல் தகுமோ எனச் சிலர் எண்ணக்கூடும். நான் மருத்துவன் அல்லன். மெட்ரிகுலேஷன் வரை பயின்ற இரயில்வே எழுத்தன். ஆயினும் நம் குடியிருப்பில் முதியோர் பெருகி வருகின்றனர். அவர்களுள் சிலரை வாட்டும் நோயொன்றையும், அதற்கென இன்று ஆராயப்படும் முறையொன்றையும் பற்றி யான் கற்றறிந்தவற்றைக் கூறுதல் கடமையெனக் கருதுகின்றேன்.

1817-ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன், ஆறு பேரிடம் கண்ட அறிகுறிகளைத் தொகுத்து நடுக்குவாதம் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அவர் பெயரே நோய்க்கும் நிலைத்தது. நடுமூளையில் கருநிறமுடைய சிறு பகுதி ஒன்று உண்டு. அங்குள்ள நரம்பணுக்கள் டோபமின் என்னும் பொருளைச் சுரக்கின்றன. அவ்வணுக்கள் சிறிது சிறிதாக அழியுங்கால், அசைவுகளுக்கான ஆணை தடைப்படுகின்றது. நம் தொழிலின் மொழியிற் கூறுவதாயின், எஞ்சினில் பழுதில்லை, தண்டவாளத்திலும் பழுதில்லை, கைகாட்டி மட்டும் இறங்கவில்லை.

ஓய்ந்திருக்கும்போது கை நடுங்கும், உடல் விறைக்கும், நடை தளரும், வாசற்படியருகே கால் தரையில் ஒட்டிக்கொண்டாற்போல நின்றுவிடும். எழுத்தும் வரவரச் சிறுத்துப்போகும். ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரின் கையொப்பம் பழைய ஏட்டோடு பொருந்தவில்லையென்று ஓரிடத்தில் அவரை மும்முறை திருப்பி அனுப்பினர். அவர் வீட்டாரோ, வயதானால் இப்படித்தான் என்று வாளாவிருந்தனர். முதுமை வேறு, நோய் வேறு என்பதை எவரேனும் எடுத்துரைத்திருப்பின், அவர் ஈராண்டு முன்னரே மருத்துவம் பெற்றிருப்பார் அன்றோ?

இந்நோய்க்கு இன்றளவும் தலையாய மருந்து லெவோடோபா. அப்பொருளைப் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்து 1937-இல் வெளியிட்டவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த தாமோதரனும் இராமசாமியும் ஆவர் என்பது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி. 1960-களில் அது நடுக்குவாதத்திற்கு மருந்தாயிற்று. எனினும், ஆண்டுகள் பல சென்றபின் ஒரு வேளை மாத்திரைக்கும் அடுத்த வேளைக்கும் இடையே அதன் பயன் குன்றுவதுண்டு. மண்டையோட்டைத் துளைத்து மின்முனைகளைப் பொருத்தும் அறுவை முறையும் உண்டு. அஃது எல்லோர்க்கும் ஏற்றதன்று. ஆகவேதான், துளையிடாமலே மூளையைத் தூண்டும் வழியை அறிஞர் நாடினர்.

மாறுகின்ற காந்தப்புலம் மின்னோட்டத்தைத் தோற்றுவிக்கும் என்று 1831-இல் பாரடே காட்டினார். அவ்விதியைக் கொண்டு, 1985-இல் ஷெபீல்டு நகரில் அந்தோணி பார்க்கர் குழுவினர் தலைமேல் ஒரு கம்பிச் சுருளை வைத்து, மூளைக்குக் காந்தத் துடிப்பைச் செலுத்தினர். ‘டக் டக்’ என்னும் ஓசை எழும். துடிப்பு எலும்பைக் கடந்து மூளையின் மேற்பரப்பில் சிறு மின்னோட்டத்தை எழுப்பும். ஆழத்திலுள்ள கருநிறப் பகுதியை அது நேரே எட்டாது; அதனோடு தொடர்புடைய, அசைவுகளை ஆளும் மேற்பகுதியையே தூண்டும்.

பயன் உண்டா? ஜப்பானியர் 106 நோயாளரிடம் வாரம் ஒரு முறையாக 8 வாரம் நடத்திய ஆய்வு 2013-இல் வெளிவந்தது. நொடிக்கு ஒரு துடிப்பு பெற்றவர்களிடம் அசைவு சீர்பட்டது. பொய்த் தூண்டுதல் பெற்றவர்களிடமும் சிறிது காலம் முன்னேற்றம் தென்பட்டுப் பின் மறைந்தது. வியப்பன்று, குணமாகும் என்னும் நம்பிக்கையே டோபமினைச் சுரக்கச் செய்யும் என 2001-இலேயே கண்டறிந்துள்ளனர். 2016-இல் வெளிவந்த மற்றோர் ஆய்விலும் அசைவு ஓரளவு சீர்பட்டது. மனச்சோர்வோ பொய்த் தூண்டுதலைக் காட்டிலும் மிகுதியாகக் குறையவில்லை. ஆகவே, இம்முறை துணையாகலாம், மாத்திரைக்கு மாற்றாகாது, அணுக்கள் அழிவதைத் தடுக்கும் என்பதற்குச் சான்றும் இல்லை.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. காந்தப் படுக்கை, காந்தக் காப்பு என்று வீடு தேடி வந்து விற்போர் உளர். அசையாத காந்தத்தின் புலம் மாறுவதில்லை. மாறாத புலம் மூளையில் மின்னோட்டம் எழுப்பாது. பாரடேயின் விதியே அதற்குச் சான்று. ஓய்வுக்காலப் பணத்தை அதிற் கொட்டாதீர்கள். கருவிச் சிகிச்சைக்கு எவரேனும் அழைப்பின், மூன்று வினாக்களைக் கேளுங்கள்: அழைப்பவர் நரம்பியல் மருத்துவரா? பயன் எத்தனை நாள் நிற்கும்? மாத்திரையை நிறுத்தச் சொல்கிறாரா? மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் கடும் விறைப்பும் காய்ச்சலும் வந்து உயிருக்கே இடராகலாம். வலிப்பு நோயோ, தலையில் உலோகமோ, இதயத்தில் பேஸ்மேக்கரோ உடையவர்கள் அதனை முன்னரே சொல்லிவிட வேண்டும்.

நம் பெங்களூரில் ஓசூர்ச் சாலையிலேயே, 1974-இல் உருப்பெற்ற நிமான்ஸ் நிறுவனம் உள்ளது. நடுக்குவாதத்திற்கு அங்கே மருத்துவமும் நடைபெறுகின்றது. காந்தத் தூண்டுதல் பற்றிய ஆய்வும் நடைபெறுகின்றது. வெளியூர் உறவினர் இவ்விடம் தேடி வருகின்றனர். பேருந்தில் சென்று திரும்பும் தொலைவிலுள்ள நாம் தயங்குவதேன்?

இளைய தோழர்களே! பெரியவரின் மாத்திரை வேளையை வண்டி நேரம் போல் காத்து நில்லுங்கள். நாள்தோறும் அவரை நடக்கச் செய்யுங்கள். கால் ஒட்டிக்கொள்ளும்போது கைபிடித்து இழுக்காதீர்கள். ‘ஒன்று, இரண்டு’ என்று எண்ணிக் கொடுங்கள், அல்லது தரையில் ஒரு கோடு காட்டுங்கள். பெரும்பாலும் கால் தானே எழும். நடுங்கும் கை கண்டு நகையாதீர்கள். நம்மை ஊர்விட்டு ஊர் கொணர்ந்து வாழவைத்த கைகள் அவை.