நேர்காணலுக்கு நாமும் ஆயத்தமாவோம்



குருமடம் சேர விரும்பும் நம் சிந்தாதிரிப்பேட்டை இளைஞன் ஒருவன், "சாமி, நேர்காணலில் என்ன சொன்னால் எடுத்துக்கொள்வார்கள்?" என்று கேட்டான். "உள்ளதைச் சொல், அதுவே ஆயத்தம்" என்றேன்.

"ஏன் குருவாக விரும்புகிறாய்?" என்ற கேள்விக்கு, "அம்மாவின் நேர்ச்சை" என்பது விடையாகாது. குருப்பட்டம் பெறும்படி எவரையும் எக்காரணத்தாலும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம். மனமுவந்தே பெறுவதாக அவன் தன் கைப்பட எழுதிக் கையொப்பமிட வேண்டும். தாய்மாரே, நேர்ச்சை உங்களுடையது, அழைத்தல் அவனுடையது.

கேள்வி நமக்கும் உண்டு. குருப்பட்டத் திருச்சடங்கில், இவர் தகுதியுள்ளவர்தானா என்று ஆயர் கேட்கிறார். இறைமக்களிடம் விசாரித்து அறிந்ததாகவே பதில் சொல்லப்படுகிறது. அந்த இறைமக்கள் நாம்தான். நம்மிடம் விசாரிக்கும்போது குறையை மறைப்பது அன்பாகாது; பொறாமையால் பழி சொல்வது பாவம்.

இடையில் ஒருவன் திரும்பி வந்தால், "ஓடி வந்தவன்" என்று ஏசாதீர்கள். அந்த ஏச்சுக்கு அஞ்சியே மனமில்லாமல் அங்கே தங்கிவிடுபவனும் உண்டு. போகும்போது வாழ்த்திய வாயால் வரும்போதும் வரவேற்போம்.

இறைவன் உங்களை ஆசீர்வதிப்பாராக!